கண்ணாடி முழுக்கப் பனி, கொடுமுடியில் இணைச்சீர்

கொடுமுடியில் என் தம்பியின் இணைச்சீருக்குப் பந்தல் போட்டுத் தயாராக இருந்த அன்று விடிகாலையில், நான் நீலகிரியில் எமரால்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சரிவில், நிறுத்தி வைத்த வேனுக்குள் மாட்டிக்கொண்டிருந்தேன். முன்கண்ணாடியில் வெளியேயும் பனி, உள்ளேயும் பனி. என் வீட்டுக்காரர் ரேடியேட்டர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "காச்சி வெச்ச சுடுதண்ணி எங்க போச்சு?" என்று கத்திக்கொண்டிருந்தார். சுடுதண்ணீர் என் தலையில் இருந்தது.

இணைச்சீர் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் வரும் முக்கியமான சீர் அது. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் பலகையில் உட்காருவாள். மணப்பெண் கட்டப்போகும் கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில் இருக்கும், மறு முனை இவள் கையில் இருக்கும். பெரியவர்கள் சுற்றி நின்று வாழ்த்துவார்கள். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவன் பக்கத்தில் உட்காரும் உரிமை பெண்டாட்டிக்குப் போய்விடும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவன், என் சோற்றுத் தட்டில் கைவிட்டுத் தின்றவன். அந்தப் பலகை என் வாழ்க்கையில் எனக்கு ஒரே ஒரு தடவைதான்.

கூடப்பிறந்தவள் இல்லையென்றால் சீரை நிறுத்த மாட்டார்கள். பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியை உட்கார வைத்து நடத்திவிடுவார்கள். அப்படி உட்கார எங்கள் வீட்டில் ஒருத்தி தயாராக இருந்தாள், பெரியப்பாவின் மகள். என்னைவிட மூத்தவள், நிறம் கூட, வாயும் கூட. சின்ன வயதிலிருந்தே ஜன்னலோர சீட்டு முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் எங்களுக்குள் போட்டி. தம்பியின் நிச்சயதார்த்தத்தன்று நான் என் வீட்டுக்காரருக்கு வேலை அதிகம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்க, அவள் குறுக்கே வந்து, "நீ வர முடியாட்டி என்ன அம்மணி, நான் ஒருத்தி இருக்கறனல்லோ" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. எனக்கு எதையும் சீக்கிரம் மறக்கத் தெரியாது.

என் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை. தை மாதம் நீலகிரியில் பனி விழுந்து கொழுந்து குறைந்துவிடும். அப்போதுதான் தேயிலைத் தொழிற்சாலைகள் இயந்திரங்களைக் கழற்றி மாட்டும். அந்த வாரங்களில் அவர் மலையிலேயே கிடப்பார். லாட்ஜில் தங்கினால் வேலைக்குப் போய்வரவே பாதி நாள் போய்விடுகிறது என்று, ஒரு மில்லில் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேனை வாங்கி, அதற்குள் ஒரு வீட்டையே கட்டினார். மடக்குக் கட்டில், அடுப்புக்கு ஒரு பலகை, தண்ணீருக்கு ஒரு டிரம், துணிமணிக்கு இரும்புப் பெட்டி. சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்து, "மாப்பிள்ளை ஊட்டுக்கு வாடகை குடுக்க முடியாம வண்டிக்குள்ள குடி போயிட்டாரு" என்று கிண்டல் செய்தார்கள். அவருக்குக் கிண்டல் காதில் விழாது. ஒரு போல்ட் கிறீச்சிட்டால் மட்டும் விழும்.

வேனுக்குள் குளிர் வராமல் இருக்க வழி சொன்னது நான்தான். மில் கழிவுப் பஞ்சு எங்கள் ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். தகரத்துக்கும் உள்ளே அடித்த ரெக்சினுக்கும் நடுவில் அந்தப் பஞ்சை நானே உட்கார்ந்து திணித்தேன். கூரையிலும் திணித்தேன், கதவிலும் திணித்தேன். ஜன்னலுக்குக் கம்பளியில் திரை தைத்தேன். அவர் பங்குக்கு ஒரு சூடேற்றி செய்தார். இன்ஜினில் கொதிக்கும் தண்ணீரை ரப்பர் குழாயில் இழுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் வைத்த ஒரு சின்ன ரேடியேட்டரில் சுற்றவிட்டு, பின்னால் ஒரு விசிறியை மாட்டியிருந்தார். சூடான காற்று வரும். முதல் தடவை போனபோது எனக்குக் கால் விறைத்துவிட்டது என்று சண்டை போட்டதால், காற்று வரும் வாயைத் தகரம் வெட்டி என் காலைப் பார்த்தே திருப்பி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய அன்பை நான் பார்த்ததில்லை.

கல்யாண வேலை தலைக்குமேல் இருக்கும்போது நான் ஏன் மலைக்குப் போனேன் என்று அம்மா திட்டாத நாள் இல்லை. போகாமல் என்ன செய்வது? இந்த மனிதரைத் தனியாக விட்டால் தாலி கட்டி, பந்தி முடிந்து, பந்தல் பிரிக்கும்போதுதான் வருவார். எங்கள் நிச்சயதார்த்தத்துக்கே தட்டு மாற்றிய பிறகுதான் கையில் கிரீஸோடு வந்து நின்றவர். அதனால் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, பட்டுச்சேலைப் பெட்டியோடு பஸ் ஏறிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நான் உட்கார்ந்திருந்த லட்சணத்தைப் பார்த்தே வேலை மளமளவென்று முடிந்தது. முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் தொழிற்சாலையைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். இருட்டில் மலை இறங்க மாட்டேன் என்பது அவர் சட்டம். விடிந்ததும் கிளம்பினால் உச்சிக்கு முன்னால் கொடுமுடி போய்விடலாம், சீர் உச்சிக்குள் முடிக்க வேண்டும், கணக்குச் சரியாக இருந்தது.

படுக்கப் போகும்முன் அவர் வழக்கமான வேலைகளைச் செய்தார். ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டார், உறைந்தால் குழாய் வெடித்துவிடும் என்று. காலையில் பாட்டரி இழுக்காவிட்டால் உருட்டிவிட்டுக் கிளப்பலாம் என்று வண்டியின் மூக்கைச் சரிவைப் பார்த்து நிறுத்தினார். பின் ஜன்னலை விரல் நுழையும் அளவு திறந்து வைத்தார். "அடைச்சு வெச்சா மூச்சுல வர்ற ஈரமெல்லாம் கண்ணாடியில ஏறிக்கும். இது இப்படியே இருக்கட்டும், அம்மணி" என்றார். நான் சரி என்றேன். பஞ்சு வைத்து அடைத்த வண்டிக்குள் இரண்டு கம்பளிக்கு அடியில் படுத்திருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது. நாளைக்குத் தம்பி பக்கத்தில் உட்காரப்போகிறேன் என்ற நினைப்பில் தூக்கம்தான் வரவில்லை.

விடிந்தும் விடியாமலும் திரையை விலக்கிப் பார்த்தேன். புல்லெல்லாம் வெள்ளை. யாரோ சரிவு முழுக்கக் கோலமாவைக் கொட்டிவிட்டுப் போனதுபோல இருந்தது. பிறந்ததிலிருந்து வெயிலையே பார்த்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்! கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். செருப்புக்கு அடியில் புல் நொறுங்கியது. ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். நாற்பதை நெருங்கும் பொம்பளை செய்கிற காரியமா என்று கேட்டால், ஆமாம், அன்றைக்கு நான் அப்படித்தான் குதித்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஸ்டவ்வில் இரண்டு குண்டாவில் தண்ணீர் காய வைத்துவிட்டு, மரத்தடிப் பக்கம் போனார். அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. இணைச்சீருக்கு உட்காருகிறவள் தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு, சுத்தமாக உட்கார வேண்டும். கொடுமுடி போய்ச் சேர்ந்து, ஒரம்பரை சொந்தபந்தம் நிறைந்த வீட்டில் குளியலறைக்கு வரிசையில் நின்று, தலை துவட்டிச் சேலை கட்டுவதற்குள் பெரியப்பா மகள் பலகையில் ஏறிவிடுவாள். இங்கேயே வார்த்துக்கொண்டால் நேராகப் போய் உட்கார்ந்துவிடலாமே! சட்டென்று கதவைச் சாத்தினேன். குளிர் அடிக்கிறதே என்று பின் ஜன்னலையும் இழுத்து மூடினேன். கூடாரம் மாதிரி இருந்த வண்டிக்குள், பெரிய அலுமினியப் பேசினில் நின்று, சீயக்காய் போட்டு ஒரு குண்டாவையும் தலையில் ஊற்றினேன். கொஞ்சம் பற்றவில்லை. அடுத்த குண்டாவையும் ஊற்றினேன். ஆவி எழும்பி எதிரில் இருப்பது தெரியவில்லை. சொர்க்கமாக இருந்தது.

தலை துவட்டி, பட்டுச்சேலை கட்டி, நிமிர்ந்து பார்த்தபோது முன்கண்ணாடி காணாமல் போயிருந்தது. அவ்வளவு ஆவியும் அதில் ஒட்டி, ஒட்டிய இடத்திலேயே உறைந்து, வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது. அப்போதுதான் வெளியே அவர் குரல் கேட்டது.

கதவைத் திறந்தவர் காலிக் குண்டாவையும் என் ஈரத் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ரேடியேட்டருக்கு வெச்ச தண்ணியில தலைக்கு வாத்துக்கிட்டியா?" என்றார்.

"ஏனுங்க, சீருக்கு அழுக்குத் தலையோட உட்காரச் சொல்றீங்களா?"

"இந்த வண்டி அசைஞ்சாத்தானே நீ போயி உட்காருவே!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. டிரம்மில் மிச்சம் இருந்த தண்ணீரை இரண்டு குண்டாவிலும் மொண்டு வைத்து, ஸ்டவ்வை அவர் பம்ப் அடிக்க நான் அடிக்க, அது காய்வதற்குள் நான் பத்துத் தடவை விரலை விட்டுப் பார்த்துவிட்டேன். ஊற்றி, சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு அடங்கியது. இறங்கித் தள்ளினேன். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவருடைய குரங்குக் குல்லாயை ஈரத் தலையில் மாட்டிக்கொண்டு, வண்டியின் முதுகில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். வண்டி உருண்டு, குலுங்கி, பெரிய புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்றது. நான் கைதட்டினேன். அவர் தலையை வெளியே நீட்டி, "கை தட்டறது இருக்கட்டும், எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றார்.

கண்ணாடிக்கு வழி தேடினோம். சரிவில் நிறுத்தினாரே தவிர, சூரியன் எந்தப் பக்கம் வரும் என்று அவர் பார்க்கவில்லை. மலையின் நிழல் வண்டிமேல் அழுத்தமாகக் கிடந்தது. அங்கே வெயில் வருவதற்குள் கொடுமுடியில் சீர் முடிந்து சாப்பாடும் முடிந்துவிடும். குண்டாவில் ஒட்டிக்கொண்டிருந்த சுடுதண்ணீரை எடுத்துக்கொண்டு கண்ணாடியில் ஊற்றப் போனேன். "ஐயோ, ஊத்திப்போடாதே! பட்டுன்னு தெறிச்சிரும்" என்று ஓடிவந்து என் கையைப் பிடித்தார். கோபத்தில் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து எதையாவது எறியலாம் என்று தேடியபோது பக்கத்தில் கல்லுப்பு டப்பா கண்ணில் பட்டது. ஐஸ் வண்டிக்காரன் ஐஸில் உப்பைப் போட்டதும் அது கரைந்து ஒழுகுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! ஒரு கைப்பிடி உப்பைத் துணியில் முடிந்து, நனைத்து, வெளிக் கண்ணாடியில் தேய்த்தேன். தேய்த்த இடம் கரைந்து வழிந்தது. "தகரமெல்லாம் துருப் புடிச்சுப் போயிரும்" என்று முனகிக்கொண்டே அவரும் ஒரு முடிச்சை எடுத்து மறுபக்கம் தேய்த்தார். விரலெல்லாம் மரத்து, வெடித்து, உப்புப் பட்டு எரிந்தது. ஆனால் ஒட்டிக்கொண்டிருந்த வைப்பர் விடுபட்டுக் கரகரவென்று அசைந்தபோது இருவரும் சேர்ந்து கூவினோம்.

உள்பக்கம்தான் அடங்கவில்லை. துடைத்தால் உடனே மறுபடி வெள்ளை படர்ந்தது. நான் திணித்த பஞ்சு முழுவதும் என் குளியல் ஆவியைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. இப்போது இன்ஜின் சூடு பட்டதும் அதைத் திரும்பக் கக்கியது. சூடேற்றியோ நல்ல பிள்ளையாக என் காலுக்கு மட்டும் காற்று ஊதிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து தகர வாயைத் திருப்பப் பார்த்தார், அது போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. ஸ்பேனர் தேடக் குனிந்தார்.

"தேடிட்டே இருந்தீங்கன்னா அங்க அவ உட்கார்ந்துருவா" என்றேன். சேலை வந்த அட்டைப்பெட்டி காலடியில் கிடந்தது. மூடியைக் கிழித்துச் சுருட்டி, ஒரு பக்கத்தைச் சூடேற்றியின் வாயில் செருகி, மறு பக்கத்தைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தேன். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் தெளிந்தது. அதற்குள் ஒரு மரம் தெரிந்தது. வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. "தெரியுதுங்க! ரோடு தெரியுதுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில், நிற்கிற வண்டியிலேயே அவர் பயந்து பிரேக்கை மிதித்தார்.

அப்போது அவர் இன்னொன்றும் சொன்னார், "அத்தனை ஜன்னலையும் திறந்து விடு. ஈரம் வெளிய போகட்டும்." குளிருக்குப் பயந்து பஞ்சு பஞ்சாகத் திணித்தவள், அந்த உறைபனியில் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டுக்கொண்டு போனேன். காற்று காதைப் பிய்த்தது. ரெக்சின் விளிம்பில் பிரிந்த பஞ்சு பறந்து என் ஈரத் தலையிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு கையில் அட்டைக் குழல், மறு கையில் துடைக்கத் துணி. அவர் "இடது பக்கம்" என்றால் இடது, "மேல" என்றால் மேலே. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் சொன்னபடியெல்லாம் நான் கேட்டது அந்த ஒரு காலைதான். ஊட்டி வந்ததும் வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்தது, கடைசி வெள்ளைத் துண்டும் நழுவி விழுந்தது. சந்தோஷத்தில் அட்டையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன்.

குன்னூரில் ஒரு டெலிபோன் பூத்தைக் கண்டதும் இறங்கி ஓடி, கொடுமுடியில் பக்கத்து வீட்டு நம்பரைச் சுழற்றினேன். அம்மாவைக் கூட்டிவந்து கொடுத்தார்கள்.

"எங்க கண்ணு இருக்கறே?"

"குன்னூர்ல இருக்கறோம்மா. வந்துட்டே இருக்கறோம்."

"இன்னும் மலையே எறங்கலையா! இங்க எல்லாரும் அவசரப்படறாங்க. உன்ற அக்காளை உட்கார வெச்சுப்போடலாங்கறாங்க. அவளும் சேலை கட்டி ரெடியா நிக்கறா."

"நான் வர்ற வரைக்கும் ஆரும் உட்காரக் கூடாதுன்னு சொல்லும்மா!"

"நான் சொன்னா ஆரு கேக்கறாங்க?" என்றாள் அம்மா. அதோடு போன் கட்டானது.

பர்லியார் வளைவுகளில் நான் அந்த அட்டையைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், கியரை மாற்றினார், அவர் வழக்கமாக ஓட்டாத வேகத்தில் ஓட்டினார். மேட்டுப்பாளையம் வந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. ஸ்வெட்டரைக் கழற்றினேன். அவினாசி போவதற்குள் பஞ்சு வைத்த வண்டி அடுப்பு மாதிரி காந்தியது. காலையில் நடுங்கியவள் திருப்பூரில் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தேன். சூடேற்றியை அணைக்கும் திருகு எங்கே என்று கேட்டேன். அணைக்கிற மாதிரி அவர் செய்யவே இல்லையாம். காங்கேயத்தில் மாட்டு வண்டிகள் வழி மறித்தபோது நான் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, தம்பி கல்யாணமுங்க, சித்தெ ஒதுங்குங்க!" என்று கத்தினேன். அவர்களும் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள்.

பந்தலுக்கு முன்னால் வண்டி நிற்பதற்குள் குதித்தேன். மேளச் சத்தம் கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், தம்பி பலகையில் உட்கார்ந்திருக்கிறான், அவன் பக்கத்தில் பெரியப்பா மகள். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ. முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உப்பில் வெந்த கையை வைத்துக்கொண்டு, தலையெல்லாம் பஞ்சாக, கூட்டத்துக்கு நடுவில் அப்படியே நின்றேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

கூறைச்சேலை தட்டில் மடித்தபடி இருந்தது. அதை இன்னும் யாரும் தொடவில்லை. சீர் செய்து வைக்கும் பெரியவர் அவளிடம், "நேரம் போகுதல்லோ அம்மணி, முனையைப் புடி" என்றார். குரலைக் கேட்டால் அதைப் பல தடவை சொல்லிக் களைத்தவர்போலத் தெரிந்தது.

"புடிக்க மாட்டனுங்க" என்றாள் அவள். "வேற ஒருத்தியக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சுப்போடுவீங்கன்னுதான் நான் ஏறி உட்கார்ந்திருக்கறேன். அவ வர்ற வரைக்கும் நானும் எந்திரிக்க மாட்டேன், முனையையும் தொட மாட்டேன்."

தம்பிதான் என்னை முதலில் பார்த்தான். "அக்கா!" என்றான். அவள் திரும்பினாள். என் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். "பஞ்சு மில்லுக்குள்ளயா படுத்துக் கெடந்தே?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து, என் கையைப் பிடித்து இழுத்து, தோளை அழுத்தி அவள் இருந்த இடத்தில் உட்கார வைத்தாள். பெரியவர் சேலையின் முனையை என் கையில் கொடுத்தார். வெடித்த விரலில் பட்டு நூல் மாட்டி இழுத்தது.

பலகை சூடாக இருந்தது. அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.